பெஞ்சமின் சார் சொன்ன சாட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை பெஞ்சமின் சாரின் மகள் கோர்படி வீட்டிலிருந்து போன் செய்தாள். தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். "அங்கிள், டாடி போயிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்கிறோம். நீங்க வரணும்" என்றாள். வராமல் இருந்துவிடுவேனோ என்று சந்தேகப்பட்டிருப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

சாரோடு வேலை செய்தவர்களுக்குக் கதை தெரியும், அதுவும் பாதிதான். தொண்ணூறுகளில் போபோடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் அவர் சூப்பர்வைசர், நான் தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டுபவன். ஆர்டர் அவசரம் என்று மெஷினின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் அவர்தான். மூன்றாம் நாள் என் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. ஆஸ்பத்திரிக்கு ஒரு மராத்திக் காகிதத்தோடு வந்தார். லீவுக்குத்தான், கையெழுத்துப் போடு என்றார். மராத்தி எனக்குப் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. இடது கையால் கிறுக்கிக் கொடுத்தேன்.

நஷ்டஈடு கேட்டு லேபர் கோர்ட்டுக்குப் போனபோது அந்தக் காகிதம் வெளியே வந்தது. சூப்பர்வைசர் பேச்சை மீறி நானே தடுப்பைக் கழற்றினேன் என்று அதில் எழுதியிருந்தது. அது செல்லுபடியானால் எனக்கு ஒன்றும் கிடையாது. என் வக்கீலே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கம்பெனி சாட்சியாக சார் கூண்டில் ஏறினார். இந்த மனுஷன் நாசமாய்ப் போகட்டும் என்று மனதுக்குள் சபித்தேன், மறைப்பானேன். அவர் என்னைப் பார்க்காமலே இந்தியில் சொன்னார்: கழற்றச் சொன்னது நான், பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியதும் நான்.

தீர்ப்பு என் பக்கம் வந்தது. அவருக்கு வேலை போயிற்று. வானவடியில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேனாகப் போனார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அங்கே போய் ஒருமுறை கேட்டேன்.

"கை போனதே என்னாலதான் முருகேசா. உன்னப் பொய்யனாவும் ஆக்கணுமா?" என்றார்.

அதன்பின் கிறிஸ்துமஸ் தவறாமல் கேக்கோடு வீட்டுக்கு வருவார். முதல் வருஷம் என் மனைவி கேக்கை வாங்கிக்கொண்டாள், தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மறுவருஷம் டீ போட்டாள். அவள் மனம் அவ்வளவுதான், சீக்கிரம் இளகிவிடும்.

என் மனமும் இளகித்தான் இருந்தது. ஆனால் அவர் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வீறாப்பாக இருந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை. கல்லறையில் மண் போடும்போதுதான் உறைத்தது. அன்று கோர்ட்டில் நான் கேட்டா அவர் உண்மையைச் சொன்னார்?

மன்னித்துவிட்டேன் என்ற ஒரு வார்த்தை அவருக்குச் சேர வேண்டியது. அது என்னிடமே தங்கிவிட்டது.