ஒரு தட்டு என்றால் பொறு

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் ஆல்வினைக் கேட்கலாம். அவன் கொடுத்த பில்லில் செப்டம்பர் 12, காலை 11.20 என்று நேரம்கூட இருக்கிறது. நடந்தது வல்லரசு என்ற பையனுக்கு. அவன்மேல் எனக்கு இரக்கம் உண்டா என்று கேட்டால், கொஞ்சமும் கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

வல்லரசு ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சு கட்டும் இடத்தில் வேலை பார்த்தான். ஆள் உயரத்துக்கும் மேலே ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் கூட வேலை பார்க்கும் பால்ச்சாமி இறங்கி, கொட்டிய பஞ்சை மிதித்துச் சமன் செய்துவிட்டு வெளியே ஏறி வருவார். மறுபக்கம் நிற்கும் வல்லரசு சுவிட்சைப் போட்டதும், மேலிருந்து கனத்த இரும்புப் பலகை இறங்கிப் பஞ்சை அமுக்கும். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மில் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் பெட்டியின் இரும்பில் தட்டுவதுதான் அவர்களுக்குப் பேச்சு. ஒரு தட்டு என்றால், பொறு, உள்ளே இருக்கிறேன். இரண்டு தட்டு என்றால், வெளியே வந்துவிட்டேன், ஓட்டு. அந்தத் தட்டு காதில் விழுவதைவிட, பெட்டியில் ஊன்றியிருக்கும் கையில்தான் அதிகம் தெரியும்.

மில்லில் இரைச்சலுக்குக் காதுக் கவசம் கொடுத்திருந்தார்கள். வல்லரசு அதை ஓரமாக வைத்துவிட்டு, பார்க்க அதைப்போலவே இருக்கும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பான். நாலு மாதமாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. கெட்டிக்காரன்தான், என்ன செய்ய.

ஆகஸ்ட் 7, மதியம் 2.47. பால்ச்சாமி உள்ளேயிருந்து ஒரே ஒரு தட்டுத் தட்டினார். அதை ஒட்டியே பாட்டில் ஒரு பேஸ் அடி விழுந்தது. தும்... தும். வல்லரசுக்கு இரண்டாகத் தெரிந்தது. சுவிட்சைப் போட்டான். அடுத்த அடியும் அதே மாதிரி விழுந்தபோதுதான், முன்பு இரண்டாவதாக விழுந்தது தட்டு அல்ல, பாட்டு என்று அவனுக்குப் புரிந்தது. அதற்குள் பலகை இறங்கிவிட்டது.

விசாரணையில் அவன் சொன்னது இவ்வளவுதான்: "மாமா ரெண்டு தட்டு தட்டுனாரு. அதான் ஓட்டுனேன்." ஹெட்போனை அதற்கு முன்பே நொறுக்கிக் கண்மாயில் எறிந்தாயிற்று. போலீஸ் தேர்வில் எழுத்து, ஓட்டம், கயிறு எல்லாம் தாண்டி, செப்டம்பர் 18-ஆம் தேதி மெடிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. அப்பா கண்ணுச்சாமி பட்டாளத்தில் இருந்தவர், சித்தப்பா ஏட்டையா. ஒரு கேஸ் விழுந்தால் காக்கிச் சட்டை அவ்வளவுதான். அதனால் தப்பு செத்தவர் தலையில் ஏறியது. பால்ச்சாமி தன் கவனக்குறைவால் இறந்தார் என்று எழுதி முடித்தார்கள்.

பால்ச்சாமியின் மனைவி வெள்ளத்தாய் மில் வாசலில் அவனை மறித்து நின்றார்.

"அவிய இருவது வருசமா தட்டுதாவ. உள்ள இருந்துக்கிட்டு ரெண்டு தட்டு தட்டுவாவளா? ஏலே வல்லரசு, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"ரெண்டுதான் அத்தை," என்றான் தரையைப் பார்த்து.

எனக்கு வயிறு எரிவது அந்த 'அத்தை'யில்தான்.

ஒரு மாதம் அவன் பாட்டே கேட்கவில்லை. சும்மா இருந்தால் அந்தப் பிற்பகல் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிற மாதிரி ஒரு பேஸ் வேண்டும் என்று ஆல்வின் கடைக்குப் போனான். ஆல்வின் மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தான். முதலாவதில் பாடுகிற குரல் துல்லியம், ஆனால் மேளம் தகர டப்பாவாகக் கேட்டது. இரண்டாவதில் பேஸ் இருந்தது, சத்தத்தைக் கூட்டினால் கொழகொழத்தது. மூன்றாவது கறுப்பு. காதை முழுக்க மூடும் மெத்தை, ஓரத்தில் பேஸைக் கூட்டத் தனிப் பட்டன்.

"இது நெஞ்சுக்குள்ளயே அடிக்கும்ணே. போட்டுப் பாருங்க."

போட்டான். மெத்தை காதைக் கவ்வியது. பஸ் ஸ்டாண்ட் இரைச்சல் மொத்தமாக அற்றுப்போனது.

தும்.

ஒரே அடி. நல்ல கனமான அடி. வல்லரசு சிரித்தபடி கழற்றினான்.

"பேஸ்னா இது பேஸ்லே. என்ன பாட்டு?"

ஆல்வின் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "பாட்டா? இன்னும் ஆன் பண்ணவே இல்லையேண்ணே."

அப்போதே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வாங்கினான். கடைக்காரன் விளையாடுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அன்று மதியம் 2.47-க்கு ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளியில் மறுபடி கேட்டது. தும். மறுநாள் காலை 6.10-க்கு அய்யனார் கோவில் ரோட்டில் ஓடும்போது கேட்டது. பேஸைச் சுத்தமாகக் குறைத்துப் பார்த்தான். தும். அதற்கு மறுநாள் ஹெட்போனைப் பெட்டியில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

தும்.

பக்கத்தில் இருந்த அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எப்போதும் ஒன்றுதான். இரண்டாவது தட்டு வரவே இல்லை. அதன் அர்த்தம் வல்லரசுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வெள்ளத்தாய் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் கவலையெல்லாம் வேறு. காதில் ஏதோ கோளாறு, மெடிக்கலில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தான். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினான்.

செப்டம்பர் 15. மடவார் வளாகம் பக்கம் ஒரு சின்ன காது ஆஸ்பத்திரி. சோதிக்கும் அம்மாள் பெயர் மகாலட்சுமி. நாற்பது வயது இருக்கும். சத்தம் புகாத ஒரு கூண்டைத் திறந்து காட்டினாள். ஒரு நாற்காலி கொள்ளும் அளவு. நாலு பக்கமும் மேலேயும் வெள்ளை வெளேரென்று மெத்தை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி.

வல்லரசு வாசலிலேயே நின்றான்.

"உக்காருங்க தம்பி. அமுக்குற பட்டன் ரிப்பேரு. கண்ணாடியத் தட்டுங்க. சத்தம் கேட்டா ஒரு தட்டு, நிறுத்திருவேன். கேக்கலன்னா ரெண்டு தட்டு, கூட்டுவேன்."

"வேற மாதிரி வச்சுக்கலாமாக்கா?"

"செத்த நேரந்தான். வெளிய ஆளு காத்திருக்கு."

அவளே ஹெட்போனை மாட்டிவிட்டாள். கதவு மூடியது. மணி 12.16.

மெல்லிய விசில் சத்தம். தெளிவாகக் கேட்டது. வல்லரசு ஒரு தட்டுத் தட்டினான்.

சத்தம் கூடியது.

தவறாகக் கேட்டிருப்பாள் என்று நினைத்தான். மறுபடி ஒரு தட்டு. நிதானமாக, ஒன்றே ஒன்று.

இன்னும் கூடியது.

12.18. விசில் தடித்தது. அடித்தொண்டை உறுமல் மாதிரி ஆனது. பிறகு... பேஸ். அதே பேஸ்.

ஒரு தட்டு.

கூடியது.

கண்ணாடி வழியே மகாலட்சுமி தெரிந்தாள். குனிந்து எழுதினாள். சத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினாள். எழுதினாள்.

கத்தினான். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றக் கை போனது. முடியவில்லை. அதன்மேல் வேறு இரண்டு கைகள் அழுத்திக்கொண்டிருந்தன. காய்த்துப்போன கைகள். விரலிடுக்கில் பஞ்சு.

12.20. காலுக்குக் கீழே தரை மெத்தென்று இறங்கியது.

மேல் மெத்தை... தலையில் பட்டது.

ஒரு தட்டு. பொறு.

ஒரு தட்டு. உள்ள இருக்கேன்.

ஒரு தட்டு...

கூடியது.

12.21.

தும்.

அதற்குப் பிறகு எதுவுமே இல்லை.

கதவு திறந்தபோது மகாலட்சுமியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. டாக்டர் ஓடி வந்தார், அவர் வாயும் அசைந்தது. செவிப்பறையில் ஒரு கீறல் கிடையாது. அந்த மெஷினால் அவ்வளவு சத்தம் எழுப்பவே முடியாது என்று எழுதிக் காட்டினார்கள். மதுரையில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அதையேதான் சொன்னார்கள். காது நன்றாக இருக்கிறது. ஆனால் வல்லரசுக்குக் கேட்காது. 18-ஆம் தேதி வந்தது, போனது. காக்கிச் சட்டை வேறு யாருக்கோ போயிற்று.

அக்டோபரில் கண்ணுச்சாமி மகனைக் கூட்டிக்கொண்டு மகாலட்சுமியிடம் நியாயம் கேட்கப் போனார். அவள் அன்றைய தாளை எடுத்து வைத்தாள். பதினேழு இடங்களில், 'இரண்டு தட்டு' என்று அவள் கையெழுத்து. வல்லரசு பேனாவைப் பிடுங்கி எழுதினான்: "நான் ஒன்றுதான் தட்டினேன்."

கண்ணுச்சாமி அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அந்தம்மா காதால கேட்டு எழுதியிருக்கு. நீ ஒண்ணுங்குற. உன்னய எவன்லே நம்புவான்?" அப்பா சொன்னது வல்லரசுக்குக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

மகாலட்சுமி மட்டும் எதையோ யோசித்தாள். பேனாவை வாங்கி, மெதுவாக எழுதி, தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

"முதல் தட்டு கண்ணாடியில் கேட்டது. இரண்டாவது, ஒவ்வொரு தடவையும், என் நாற்காலிக்குப் பின்னால் கேட்டது. நான் தனியாகத்தான் இருந்தேன்."