சலோமி டீச்சர் கார் நிறுத்தும் விதம்

மஹய்யாவவில் எங்கள் தெரு செங்குத்தான இறக்கம். அடுத்த வீட்டுச் சலோமி டீச்சருக்கு அதில் காரை நிறுத்த ஐந்து நிமிடம் வேண்டும். முன்சக்கரத்தைத் திருப்பி வீதியோரத் திட்டில் மெல்ல முட்டவிடுவார். ஹேண்ட்பிரேக்கை இழுப்பார். என்ஜினை அணைத்து ரிவர்ஸ் கியரில் போடுவார். இறங்கிய பிறகும் காரை ஒருமுறை தள்ளிப் பார்ப்பார்.

"டீச்சர், கார நிப்பாட்டுறீங்களா, பூச பண்றீங்களா?" என்று ஒருநாள் கத்தியே விட்டேன். சிரித்துவிட்டுப் போனார்.

எங்கள் தெருவில் வேறு யாரும் கியரில் போடுவதில்லை. வழியை மறித்தால் அடுத்தவர் தள்ளிவிட வசதியாக, ஹேண்ட்பிரேக்கைக்கூட இழுக்காமல், டயருக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டுப் போவோம்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் பெய்த மழையில் என் வேனுக்கு வைத்த கல் வழுக்கிவிட்டது. சத்தம் கேட்டுச் சோற்றுக் கையோடு ஓடிவந்தேன். அரிசி மூட்டைகளோடு உருண்ட வேன், கீழே நின்ற டீச்சரின் சின்னக் காரில் மோதி நின்றிருந்தது. கார் அரை அடிகூட நகரவில்லை. அதற்குக் கீழே, பாலர் பாடசாலை விட்ட பிள்ளைகள் குடைகளுக்குள் நெருங்கி நின்றார்கள்.

அத்தனை பாரத்தையும் தாங்கிய அந்தக் காரை, கோபுரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நனைந்தேன்.

டீச்சர் குடையோடு வந்தார். நசுங்கிய பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நான் கார எடுத்தா உங்க வேன் உருண்டுரும். மொதல்ல அதுக்குப் பூச பண்ணிட்டு வாங்க" என்றார்.