நாற்பதடி தள்ளி ஒரு இருமல்

செய்தி வந்தபோது காரவள்ளியில் மலை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எப்போதும் எனக்கு முன்பே வந்து நிற்கிறவரை அன்று காணவில்லை. அவர் மகன் போனில் பேசினான். "சார், அத்தா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுதுட்டு வந்து படுத்தவரு எந்திரிக்கவே இல்லீங்க." மூட்டையோடு அப்படியே நின்றேன். பஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அடிவாரத்துக் கடைவீதியில் தார்ப்பாய் விற்ற ஜமால் பாயை நம்மில் தெரியாதவர்கள் இல்லை. சிரித்துப் பேசியே சரக்கைத் தள்ளிவிடுகிற மனிதர். ஆனால் மாதம் ஒரு ராத்திரி அவர் என்னோடு கொல்லிமலையில் வந்து படுத்துக் கிடந்தது உங்களில் பலருக்குத் தெரியாது.

எட்டு வருடத்துக்கு முன்னால், என் மனைவி இறந்த மூன்றாம் மாதம், அவரிடம் ஒரு தார்ப்பாய் வாங்கினேன். உயிரோடு இருப்பதே எனக்குச் சலித்துப்போயிருந்த நாட்கள். "எதுக்குங்க சார், மக்காச்சோளம் காயப்போடவா?" என்றார். மலைமேல் போய்ப் படுக்க என்றேன். "யாரோடங்க?" யாரோடும் இல்லை என்றேன். சனிக்கிழமை பஸ் ஏறப் போனால், கையில் மூட்டையோடு பாய் நிற்கிறார்! எனக்கு வந்ததே கோபம். "நான் வந்ததாவே நெனைக்காதீங்க சார். தள்ளிப் படுத்துக்குறேன்" என்றார்.

மலைமேல் அரியூர் நாட்டில் சாமை அறுத்து முடிந்த காடு ஒன்றில், காட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு படுப்போம். பாறைக்கு இந்தப் பக்கம் நான். நாற்பதடி தள்ளி அந்தப் பக்கம் அவர். பேசக்கூடாது என்பது என் கட்டளை. மனுசன் என்ன செய்தார் தெரியுமா? படுக்கும்முன் ஒருமுறை இருமினார். பதிலுக்கு நான் இருமும்வரை விடவில்லை. சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மாதாமாதம் இரண்டு பேர் இருட்டில் மாறிமாறி இருமிக்கொண்டு கிடந்தோம். எதற்கு இந்தக் கூத்து என்று காலையில் கேட்டால், "கரடிக்கு சார் யாரு, பாய் யாருன்னு தெரியாதுங்களே" என்பார்.

மனைவியின் நினைவு நாளும் மலை ராத்திரியும் ஒருமுறை சேர்ந்து வந்தன. அன்று வேண்டுமென்றே இருமாமல் கிடந்தேன். நாலைந்து முறை இருமிப் பார்த்துவிட்டு, டார்ச்சோடு வெறுங்காலில் ஓடிவந்தார். கல்லில் இடித்து கால் விரலில் ரத்தம். "சத்தம் கேக்கலீங்களே சார்" என்றார். "ஒரு ராத்திரியாவது என்னைத் தனியா விட்டுத் தொலையேன்யா!" என்று கத்திவிட்டேன். "சரிங்க சார், நான் வாரேன்" என்று நொண்டிக்கொண்டே போனார்.

அதன்பிறகு அந்தப் பக்கமிருந்து சத்தமே இல்லை. தனிமை வேண்டும், தனிமை வேண்டும் என்று அடம்பிடித்தேனே, அது அன்றுதான் முழுசாகக் கிடைத்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. விடியும்முன் நானே இருமினேன். சட்டென்று பதில் வந்தது. அவரும் தூங்கியிருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. அடுத்த மாதமும் காரவள்ளியில் நின்றிருந்தார், ஒன்றுமே நடக்காதது போல.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்தபின் வெளி ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் அவர் மனைவி இருப்பதால் கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினார்.

"அவருக்கு இருட்டுன்னாலே பயமுங்கண்ணா. ஊட்டுல கூட லைட்ட அணைக்க விடமாட்டாரு."

"அப்புறம் எதுக்கும்மா மலைக்கு வந்தார்?"

"அன்னிக்கு நீங்க தார்ப்பாயோட கயிறும் கேட்டீங்களாம். எதுக்குங்கன்னு கேட்டதுக்கு அவர் மூஞ்சியைக்கூடப் பார்க்கலையாம். கடை பூராவும் கயிறு தொங்குது, இல்லீன்னு பொய் சொல்லிட்டு வந்தேன்னு அழுதாருங்க. அந்த மனுசனைத் தனியா விடக்கூடாதுன்னு அன்னிக்கே மூட்டை கட்டுனாரு."

பாய் பயந்தது சரிதான். கயிறு எதற்கென்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஜமால் பாய் கொடுத்து என்னிடம் இருப்பது இந்த எட்டு வருடம். அதை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.