ஹால் இல்லாத வாசகர் வட்டம்

நூலகர் வேலை என்றால் புத்தகம் கொடுப்பது, வாங்குவது, சத்தம் போடுகிறவர்களை முறைப்பது என்று நினைத்துத்தான் நானும் பரீட்சை எழுதினேன். நாற்காலி துடைப்பதும், ஆள் பிடிப்பதும், பேச வருகிறவர் எந்த சிக்னலில் நிற்கிறார் என்று போன் போட்டுக் கேட்பதும் அதே வேலையில் அடக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

வாழ்க்கையில் ஒரே ஒரு இலக்கியக் கூட்டமாவது நடத்திப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நடத்திப் பார்க்காத பாக்கியசாலிகள் சிரித்துவிட்டுப் போகலாம்.

என் கிளை நூலகம் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. கீழே வாசிப்பறை, மேலே ஒரு சின்ன ஹால். நான் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். அம்மா டீச்சர், சித்தி டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போனால் பாதி பெஞ்சு டீச்சர்கள். அதனால் கூட்டத்தைப் பார்த்து எனக்குப் பயம் கிடையாது. கூட்டமே வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

நான் மாற்றலாகி வந்தபோது அந்த ஹால் பூட்டிக் கிடந்தது. சாவியைத் தேடிப் பிடித்துத் திறந்து, ஒட்டடை அடித்து, மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம் என்று அறிவித்தேன். என்னோடு இருந்தது உதவியாளர் கஜேந்திரன் மட்டும்தான். "யாரு வருவாங்கக்கா?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலிகளைத் துடைத்தார். துடைத்தாரே, அது போதும்.

தினமும் படிப்பவர்

வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, வரப்போகும் நிகழ்ச்சிகளைச் சாக்பீஸில் எழுதுவேன். சிறுகதை வாசிப்பு, நாவல் விவாதம், குழந்தைகளுக்கான கதை நேரம், மார்கழியில் ஒரு பாட்டுக் கச்சேரி என்று பலகை நிறைய ஆசையாக எழுதுவேன். ஒருவர் தினமும் காலையில் குடையோடு வந்து அதன் முன்னால் நிற்பார். மேலிருந்து கீழ்வரை வரி விடாமல் படிப்பார். தலையை ஆட்டுவார். போய்விடுவார்.

இப்படியே மாதக்கணக்கில் நடந்தது. கூட்டத்துக்கு மட்டும் அவர் வந்ததில்லை. முதல் கூட்டத்தில் நானும் கஜேந்திரனும் போக மூன்றே பேர்தான். இரண்டாவதிலும் ஏறக்குறைய அதே கதை. எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் வெளியே ஓடிப்போய் அவரை மறித்து, "சார், இவ்வளவு ஆர்வமாப் படிக்கிறீங்க, ஒரு தடவை உள்ள வந்து உட்காரலாமே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதான் எல்லாத்தையும் இங்கயே படிச்சுட்டேனேம்மா, அப்புறம் எதுக்கு வரணும்?"

சிறப்பு விருந்தினர்

கூட்டம் சேராததற்குக் காரணம் சிறப்பு விருந்தினர் இல்லாததுதான் என்று எனக்கு யாரோ புத்தி சொன்னார்கள். ஒரு பேச்சாளரைப் பிடித்தேன். அவர் பெயருக்காகவே அன்று ஹால் முக்கால்வாசி நிறைந்தது. பேச வேண்டிய நாவலையும் பல பேர் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்தான் வரவில்லை. போன் போட்டால் "கிண்டி தாண்டிட்டேன்" என்றார். அரை மணி கழித்துப் போட்டாலும் "கிண்டி தாண்டிட்டேன்" என்றார். அவர் தாண்டியது எந்தக் கிண்டியோ.

வந்தவர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அப்போதுதான் முன் வரிசையிலிருந்து பத்மா மாமி எழுந்தார். பக்கத்துத் தெருக்காரர், வாரத்துக்கு மூன்று நாவல் எடுத்துப் போகிறவர். "அவர் வரட்டும், வராம போகட்டும். எனக்கு இந்த நாவல் மேல கோவம் இருக்கு. சொல்லலாமோன்னோ?" என்றார். சொன்னார். கதாநாயகி கடைசியில் எதற்காக அழுதாள், அழாமல் வேறென்ன செய்திருக்கலாம் என்று பிய்த்து உதறினார். இன்னொருவர் மறுத்தார். மூன்றாமவர் இருவரையும் மறுத்தார். நான் அந்த ஹாலுக்கு வந்ததிலிருந்து அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. இனிமேல் எனக்குச் சிறப்பு விருந்தினரே வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

எல்லாம் ஓய்கிற நேரத்தில் பேச்சாளர் வியர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தார். "நான் வராமலேயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று அதிர்ச்சியோடு கேட்டார். மாமி தன் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

"ஆரம்பிச்சு, முடிச்சிண்டும் இருக்கோம். சத்தம் போடாம உக்காருங்கோ!"

கைதட்டத் தடை

கூட்டம் சேர ஆரம்பித்ததும் சண்டையும் சேர்ந்துகொண்டது. எங்கள் வாசிப்பறையில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்திருப்பவர்கள், அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மாடியில் கைதட்டினால் கீழே அவர்கள் தலையில் விழும். ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் திரண்டு என் மேஜைக்கு வந்தார்கள். முன்னால் நின்றவன் பெயர் தினேஷ். நங்கநல்லூரிலிருந்து ரயிலேறி வந்து படிப்பவன்.

"அக்கா, நீங்க கதை பேசுறீங்க. நாங்க வாழ்க்கைக்குப் படிக்கிறோம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "தம்பி, இது படிப்பகம் மட்டுமில்ல, நூலகம். நீயும் போக மாட்ட, அவங்களும் போக மாட்டாங்க. சத்தத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றேன். அதோடு மைக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இனி யாரும் கைதட்டக் கூடாது, பிடித்திருந்தால் கையைத் தூக்கி ஆட்டலாம் என்று சட்டம் போட்டேன். அடுத்த கூட்டத்தில் ஒருவர் அருமையாகப் பேசி முடித்தார். ஹால் முழுக்கக் கைகள் உயர்ந்து, சத்தமே இல்லாமல் ஆடின. கதவோரம் நின்ற கஜேந்திரன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாக்கா இது, கூட்டத்துக்கு வந்தாங்களா, ரயிலேத்தி வுட வந்தாங்களா?"

பட்டன் கடை நசீமா

திருவல்லிக்கேணியில் கணவரோடு பட்டன், லேஸ், நூல்கண்டு விற்கும் கடை வைத்திருப்பவர் நசீமா. வீட்டில் உருது பேசுவார், கதை தமிழில் எழுதுவார். எங்கள் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் போய்விடுவார். ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "மேடம், நான் ஒரு கதை வெச்சிருக்கேன். இங்க படிக்கலாமா?" என்றார். வாங்கிப் படித்தேன். மறுநாளே கரும்பலகையில் எழுதிவிட்டேன்: அடுத்த சனிக்கிழமை, நசீமா தன் கதையை வாசிக்கிறார்.

அதைப் பார்த்துவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். தெருவில் பெரிய மனிதர். காலையில் கதவு திறந்ததும் புதுப் பேப்பர் முதலில் தன் கைக்கு வர வேண்டும் என்பவர். நாங்கள் அவரைப் பேப்பர் சார் என்போம். "ஏம்மா, எழுதுறதுக்கு நம்ம ஏரியாவுல ஆளே இல்லையா? எங்கிருந்தோ ஆளைக் கூட்டிட்டு வரணுமா?" என்றார். "எங்கிருந்தோ இல்ல சார், திருவல்லிக்கேணி. நடந்தே வரலாம்" என்றேன். "நான் தூரத்தைச் சொல்லலை" என்றார். அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதும் அவருக்குத் தெரியும். என்றாவது என்னையும் அந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று தோன்றியது. "பலகையில எழுதினது எழுதினதுதான் சார். நீங்களும் வாங்க" என்றேன்.

அவர் மேலிடத்தில் சொல்லிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். புத்தகம் மாற்ற வந்திருந்த பத்மா மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நம்மாத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு தெருவுல நின்னுண்டு இவர் சொல்வாரா? நான் அன்னிக்கு முன்னாடியே வந்து இடம் போட்டுடறேன் பாரு!"

மேலிருந்து ஒரு போன்

என் மேலதிகாரி கெட்டவர் இல்லை. தொல்லை வேண்டாம் என்று நினைக்கிற நல்லவர். அந்த வகை நல்லவர்களிடம்தான் நாம் அதிகமாக அவதிப்படுவோம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. உங்கள் ஹாலைப் பழைய பத்திரிகைக் கட்டுகள் வைக்க எடுத்துக்கொள்கிறோம், மறு உத்தரவு வரும்வரை நிகழ்ச்சி எதுவும் வேண்டாம் என்றார். சொன்ன கையோடு வண்டியும் வந்து நின்றது. கட்டுக் கட்டாக ஏற்றி, சனிக்கிழமைக்கு முன்பே ஹாலைக் கூரை வரைக்கும் அடைத்துவிட்டார்கள்.

நாற்காலிகளைக் கீழே இறக்கிவைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒட்டடை அடித்த ஹால். மாமி சண்டை போட்ட ஹால். அழுகை வந்தது, அழுதால் பேப்பர் சாருக்குத் தெரிந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். பிறகு நானே அதிகாரிக்குப் போன் போட்டேன். "சார், ஹால்ல நடத்தக் கூடாதா, இல்ல நூலகத்துலயே நடத்தக் கூடாதா?" என்றேன். அவர் என்னவோ ஜோக் கேட்ட மாதிரி சிரித்தார்.

"ஹாலே இல்லைன்னா அப்புறம் எங்கம்மா நடத்துவீங்க, மாடிப்படியிலயா?"

படிக்கட்டு

மாடிப்படியில்தான் நடத்தினேன். வாசலில் நடத்தலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன், ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை கொட்டியது. யார் வரப்போகிறார்கள் என்று இருந்தேன். மாமி முழங்கால் வரை நனைந்து முதல் ஆளாக வந்தார். சொன்னபடி இடமும் போட்டார். படிக்குப் படி ஆட்கள் உட்கார, நடுவில் திரும்பும் இடத்தில் நசீமா ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். படிக்கட்டு வாசிப்பறைக்குள்தான் இறங்குகிறது. தினேஷ் கூட்டத்தினர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னை எரிப்பதுபோல் பார்த்தார்கள். "ஒரு மணி நேரம், தம்பி. எனக்காக" என்றேன். தினேஷ் மறுபடி புத்தகத்தில் குனிந்தான்.

நசீமா ஆரம்பித்த சற்று நேரத்தில் கரண்ட் போனது. யாரோ செல்போன் டார்ச்சை அவர் தாளின்மேல் பிடித்தார்கள். கீழே இருட்டில் படிக்க முடியாத பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அடிப்படிகளில் உட்கார்ந்தார்கள். கதை இதுதான்: மேன்ஷனில் தங்கியிருக்கும் ஒருவன் இன்டர்வியூவுக்குக் கிளம்புகிறான், சட்டைப் பட்டன் தெறித்துவிடுகிறது. பட்டன் கடைப் பெண் அவன் போட்டிருக்கும்போதே தைத்துக் கொடுக்கிறாள். தெருவில் எல்லோரும் பார்க்க, அவன் வெட்கத்தோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்ன வேலைக்கு என்று கேட்டால் அவனுக்கே மறந்துவிட்டது, அத்தனை வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். அந்த இடத்தில் கீழ்ப்படிகளில் ஒரு சிரிப்பு வெடித்தது. என் சட்டத்தை மீறிக் கையும் தட்டினார்கள்.

அந்தச் சமயத்தில் வாசலில் என் மேலதிகாரி நின்றார். பேப்பர் சார் போன் போட்டு வரவழைத்திருக்கிறார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட, "யார் இதுக்கு அனுமதி கொடுத்தது? வழி விடுங்க, நான் மேல போய் ஹாலைப் பார்க்கணும்" என்றார். வழி விடப் படியில் இடமே இல்லை. நான் எழுவதற்குள் மாமி திரும்பினார்.

"ஷ்ஷ்! அவன் வேலைக்குப் போனானா இல்லையான்னு தெரியட்டும், அப்புறமா வந்து பரிசோதனை பண்ணுங்கோ!"

அதிகாரியின் தீர்ப்பு

அவர் நின்றார். உட்கார இடமில்லாததால் நின்றபடியே மீதிக் கதையைக் கேட்டார். கதையில் அந்தப் பையன் திரும்பி வருவதில்லை. நசீமா தாளை மடித்ததும் தினேஷ் பொறுக்காமல் கேட்டான்: "அவனுக்கு வேலை கிடைச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க!" நசீமா கொஞ்சம் யோசித்தார். "கிடைச்சிருக்கும் தம்பி. கிடைக்காதவங்கதான் மறுபடி பட்டனுக்கு வருவாங்க" என்றார்.

நான் அதிகாரியிடம் போய், "நான்தான் நடத்தினேன் சார். விளக்கம் கேட்டால் எழுதித் தரேன். மன்னிப்பு மட்டும் எழுத மாட்டேன்" என்றேன். அவர் படிக்கட்டு முழுவதையும் ஒருமுறை பார்த்தார். நசீமாவைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே குடைக்குள் காத்திருந்த பேப்பர் சாரையும் பார்த்தார். மழைக்கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இங்க கூட்டம் எதுவும் நடக்கலை. ஜனங்க மழைக்கு ஒதுங்கினாங்க, அவ்வளவுதான். நான் அப்படித்தான் சொல்வேன், நீங்களும் அப்படியே சொல்லுங்க."

மாற்றல் பேச்சு

ஹால் திரும்பக் கிடைக்கவில்லை. பத்திரிகைக் கட்டுகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பேப்பர் சாரும் விடவில்லை. இன்னும் பெரிய இடத்தில் புகார் சொல்லியிருக்கிறார். என்னை ஊருக்கு வெளியே தூக்கிப் போடப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அன்று காலையில்தான் கரும்பலகையில் அடுத்த மூன்று மாதத்து நிகழ்ச்சிகளை எழுதி முடித்திருந்தேன்: நசீமாவின் இன்னொரு கதை, பத்மா மாமி கோபப்படும் ஒரு நாவல், தேர்வு எழுதும் பிள்ளைகள் தங்களைப் பற்றித் தாங்களே பேசும் ஒரு மாலை. பேச்சைக் கேட்டதும் அழித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அழிக்கவில்லை. எழுத்தின் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினேன்.

"எங்க போட்டா என்ன கஜேந்திரன், அங்கயும் ஒரு மாடிப்படி இருக்காதா?" என்றேன். அவர் சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டே என்னை உண்மையான கவலையோடு பார்த்தார்.

"உஷாரா இருந்துக்கோக்கா. மாடியே இல்லாத லைப்ரரியா பாத்து உன்னியப் போட்டுறப் போறாங்க!"

மாற்றல் உத்தரவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை எங்கள் கிளையில் மாதம் ஒரு சனிக்கிழமை, வெயில் மண்டையைப் பிளந்தாலும், ஜனங்கள் மழைக்கு ஒதுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.