ஆணியில் தொங்கிய சாவி

டாக்டர் அலமேலு இறந்துவிட்டார் என்ற செய்தியைச் சொல்ல வந்த தமிழ்ச் சங்கச் செயலாளர், அதே மூச்சில் அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படியும் கேட்டார். அஞ்சலி மலர் போடுகிறார்களாம். நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட அவகாசம் தரவில்லை. "நோய் பேரெல்லாம் வேண்டாம் டீச்சர். தாயுள்ளம், சேவை, அப்படி எழுதிருங்க" என்றார். அவர் எங்களுக்கு வைத்தியம் பார்த்த நோயின் பேர் நீர்க்கடுப்பு. முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். இனி அச்சடிப்பதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு.

டாக்டருக்குத் தாயுள்ளம் இருந்ததாக அவரிடம் திட்டு வாங்கிய யாரும் சொல்ல மாட்டார்கள். மாட்டுங்காவில் வசதியான வீட்டில் பிறந்தவர். தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லேபர் கேம்ப் முனையில் தகரக் கூரைக்கு அடியில் டிஸ்பென்சரி வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும் "எரியறதா? அடிக்கடி போகணும்போல இருக்கா? போனா சொட்டுச் சொட்டா வரதா?" என்று வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கேட்பார். வெட்கப்பட்டால் இன்னும் சத்தமாகக் கேட்பார். வெட்கத்தின் மேல் அவருக்கு அப்படி ஓர் இளக்காரம்.

நான் வேலை பார்க்கும் பள்ளியின் அந்தக் காலத்து ஒழுங்கு உங்களில் பலருக்குத் தெரியாது. பெண் ஆசிரியர்களுக்கென்று பின்பக்கம் ஒரு கக்கூஸ் உண்டு. அது பூட்டியே இருக்கும். சாவி தலைமையாசிரியரின் நாற்காலிக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். தொலைந்துவிடக் கூடாதென்று அதில் ஒரு கட்டையையும் கட்டி வைத்திருந்தார், அந்த மகானுபாவர். போக வேண்டுமென்றால் அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். கட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லா வகுப்புகளையும் தாண்டி நடக்க வேண்டும். யார் கேட்பார்கள்? விடியுமுன் கேம்ப் கக்கூஸுக்குப் போய்விட்டு வந்தால், பிறகு பொழுது சாய்ந்துதான். அதுவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடிக்காமல் இருப்பதில் எங்களுக்குள் போட்டியும் இருந்தது. அடக்கமான டீச்சர் என்று பெயர் வாங்க அதுவும் ஒரு வழி.

கல்யாணமாகி நான் முழுகாமல் இருந்தபோது எரிச்சல் தொடங்கியது. என் மாமியார் திருநெல்வேலிப் பக்கம். "சூடு பிடிச்சிருக்கு ஏட்டி, வெந்தயத்த முழுங்கிட்டுப் படு" என்றார். தொப்புளில் விளக்கெண்ணெயும் வைத்தார். நல்ல மனுஷி, குறை சொல்வதற்கில்லை. குறை சொல்ல வேண்டியது கேம்ப்பில் டாக்டர் வேஷம் கட்டிக்கொண்டிருந்த கம்பவுண்டரை. தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே ஊசி போடும் அந்த ஆசாமி, எனக்கும் அதையே போட்டுவிட்டு, இது புதுப்பெண்களுக்கு வருவதுதான் என்று என் கணவரைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் என் கணவர் என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் என் நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். சீழ் என்றார். "சூடுன்னு சொல்லிண்டே இருங்கோ. கிருமிக்கு அது ரொம்ப சௌகரியம்." சல்பா மாத்திரையும் ஒரு பாட்டில் மிக்ஸ்சர் மருந்தும் தந்தார். எரிச்சல் நின்றாலும் மாத்திரையை முடிக்கும்வரை நிறுத்தக் கூடாது, நீர் வெறும் தண்ணீர் நிறத்தில் வரும்வரை குடிக்க வேண்டும், வந்தால் அடக்கவே கூடாது என்றார். நான் சாவியைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "பாதி மருந்து இந்த பாட்டில்ல இருக்கு டீச்சர். மீதி உங்க ஹெட்மாஸ்டர் ஆணியில தொங்கறது."

எரிச்சல் சட்டென்று நின்றது. நின்றதும் மிச்ச மாத்திரையை மாமியார் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அவளுக்கும் அதே கோளாறு. பள்ளியில் சாவி ஆணியிலேயே இருந்தது. சில நாட்களில் எனக்குக் குளிர் தூக்கிப்போட்டது. வாந்தி, முதுகுவலி. மலேரியா என்றான் கம்பவுண்டர். டாக்டர் விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டினார், அலறிவிட்டேன். என் நீரைச் சோதனைக் குழாயில் கொதிக்கவைத்தார். கலங்கியது, அமிலம் சொட்டு விட்டும் தெளியவில்லை. கிட்னிக்கு ஏறிவிட்டது, வீட்டில் வைத்திருந்தால் பிள்ளை தங்காது, தாயும் சந்தேகம் என்று என் கணவரிடம் நேராகச் சொல்லி, டாக்ஸியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே கூட வந்தார். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே என் கையைப் பிடித்திருந்தார். பிள்ளை தங்கியது.

நான் மறுபடி வேலைக்குப் போன நாளில் டாக்டர் பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியர் எழுந்து நின்று காபி சொல்லட்டுமா என்று கேட்டார். "காபி வேண்டாம். கக்கூஸ் சாவி வேணும்" என்றார் டாக்டர். தலைமையாசிரியர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"டாக்டரம்மா, இது பள்ளிக்கூடம். இங்க இந்த மாதிரி வார்த்தையெல்லாம்…"

"நீங்க காலம்பரேருந்து எத்தனை தடவை போனேள் ஸார்? யார்கிட்ட சாவி வாங்கிண்டேள்?"

டாக்டர் நாற்காலியைச் சுற்றிப் போய், சாவியைக் கட்டையோடு எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் அது ஆசிரியைகள் அறையில் என் மேசை மேல் இருக்கிறது. தலைமையாசிரியர் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. கேட்க வேண்டுமென்றால் அந்த வார்த்தையை அவர் வாயால் சொல்ல வேண்டுமே!

கேட்காதவர் சும்மாவும் இருக்கவில்லை. அந்த டிஸ்பென்சரிக்குக் கெட்ட வியாதிக்காரிகள்தான் போவார்கள் என்று சங்கத்து ஆண்களிடம் சொல்லி வைத்தார். கணவன்மார்கள் நம்பினார்கள், நம்புவதற்கென்றே பிறந்தவர்கள். பெண்கள் பிள்ளைக்கு இருமல் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்துவிட்டு, "இருமல் யாருக்கு, எரிச்சல் யாருக்கு?" என்பார்.

அந்தத் தலைமையாசிரியர்தான் இன்று சங்கத் தலைவர். சென்ற ஞாயிறு எங்கள் பள்ளி மண்டபத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவர்தான் பேசினார். அன்னையின் வடிவம் என்றார், கேம்ப்பின் கருணை விளக்கு என்றார். முடிக்கிற வழியாக இல்லை. பின்னால் பாயில் பெண்கள் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தோம். எனக்கு முன்னால் ஒரு புதுப்பெண் முழங்காலை மாற்றி மாற்றி மடக்கிக்கொண்டிருந்தாள். அந்த உட்காருதல் எனக்குத் தெரியும். கையோடு கொண்டுவந்திருந்த சாவியை அவள் மடியில் வைத்தேன்.

"போயிட்டு வாம்மா. வரும்போது அடுத்தவகிட்ட குடு."

அவள் கட்டையோடு எழுந்து நடந்தாள். மேடையிலிருந்து தலைவர் அதைப் பார்த்தார். 'தன்னலமற்ற' என்று ஆரம்பித்தவர் அதையே இரண்டாம் முறையும் சொன்னார். அவள் வந்ததும் இன்னொருத்தி போனாள், பிறகு இன்னொருத்தி. அவர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டு, அந்தக் கட்டை போவதையும் வருவதையும் பார்த்தபடியே பேசி முடித்தார். டாக்டருக்கு நடந்த ஒரே உருப்படியான அஞ்சலி அதுதான்.

அன்று தங்கிய பிள்ளை இப்போது அதே பள்ளியில் படிக்கிறாள். "டீச்சர், சண்டாஸுக்குப் போணும்" என்று, கக்கூஸை இந்த ஊர்ப் பேச்சில் சொல்லி, வகுப்பில் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறாள். டாக்டரின் திட்டுகளை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அடிக்கடி உபயோகப்படுகின்றன. சாவியும் என்னிடம்தான். ஆசிரியைகள் அறையில், என் மேசை மேல், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் இருக்கும். யாரையும் கேட்க வேண்டாம். தண்ணீரைக் குடித்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.