மொட்டை மாடியில் ஒரு தீர்ப்பு

சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்துகிறேன். எழுத்தில் இல்லாத வாடகை ஒப்பந்தங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் எழுதுவேன். அவற்றை என்னைப் போலவே கட்டுரை எழுதும் நாலு பேர் படிப்பார்கள். குடியிருப்பது ராயபுரத்தில், ஒரு பழைய வீட்டின் மாடியில். கீழ்வீட்டு அக்காவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். வீட்டுக்காரர் எதிர்வரிசையில் மளிகைக் கடை வைத்திருக்கும் தெற்கத்திக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அக்கா பால் காய்ச்சிக் குடிவந்ததோடு சரி, அவர்களுக்குள் ஒரு வரி எழுத்து கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களை வரச்சொல்லி மொட்டை மாடியில் மாதிரி நீதிமன்றம் நடத்தினேன். வழக்கு என் கற்பனை: வாய்ப்பேச்சை நம்பிக் குடியிருக்கும் ஒரு பெண்ணை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் ஹாரனை மீறிக் கேட்க வேண்டுமே என்று, வீட்டுக்காரர் தரப்பு மாணவி தொண்டை கிழியக் கத்தினாள்: "கீழ்த்தளத்தில் குடியிருப்பவரை உடனே வெளியேற்ற உத்தரவிட வேண்டும்!"

சர்ச்சில் பூசை முடிந்து வந்து படுத்திருந்த அக்காவின் காதில் அது விழுந்துவிட்டது. சற்று நேரத்தில் அண்ணாச்சியையும் இழுத்துக்கொண்டு படியேறி வந்தார்.

"இன்னா அண்ணாச்சி, என்னாண்ட ஒரு வார்த்த சொல்லாம மேல கோர்ட்டு வெச்சிகினு கீறியே! இந்த வூட்ட வுட்டா நான் எங்க போவேன்?"

கண் கலங்கியிருந்தது.

"நான் எங்க கேஸ் போட்டேன்மா? பருப்பு நிறுத்துக்கிட்டு இருந்தவன இழுத்துட்டு வந்து..." அண்ணாச்சி பரிதாபமாக என்னைப் பார்த்தார்.

"உங்க கேஸ் இல்லக்கா, இது வேற ஒரு அம்மாவோடது" என்று அவசரத்தில் சொல்லிவைத்தேன்.

அக்காவுக்கு அப்போதும் பயம் தெளியவில்லை. இந்தச் சந்தர்ப்பத்தை விட்டால் கிடைக்காது என்று, அங்கேயே ஓர் ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்றேன். நான் சொல்லச் சொல்ல, வெளியாள் யாரையும் தங்கவைக்கக் கூடாது என்ற வழக்கமான நிபந்தனையோடு, கத்திய மாணவியே எழுதினாள். "நமக்குள்ள எதுக்கு எழுத்து?" என்று முனகிக்கொண்டே அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். அக்காவும் போட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை நெஞ்சோடு அணைத்தபடி, மீதி வழக்கையும் பார்க்க உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். எந்தக் கட்டுரை வெளிவந்தபோதும் வராத சந்தோஷம்.

நீதிபதியாக இருந்த மாணவன் தீர்ப்புச் சொன்னான். எழுத்து இல்லாததால் அந்தப் பெண் தோற்றாள். வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அக்கா எழுந்துவிட்டார். "ஐயய்ய, பாவம்! அந்தம்மாவ நம்ம வூட்டுக்கு இட்டாந்துரு டீச்சர். வேற வூடு கெடைக்கிற வரைக்கும் முன்னாடி ரூம்புல இருந்துகினு போட்டும்."

கையெழுத்தின் மை காயவில்லை, அதற்குள் நிபந்தனை மீறல். அப்படியொரு பெண்ணே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வரச் சொல்லுங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "பாத்துக்கலாம்."