மூடாமல் வைத்த கண்ணாடிச் சில்லு

அந்த மூன்று மகரந்தத் துகள்களும் துருவத்து நிலக்கரியிலிருந்து வந்தவையா, எங்கள் வீட்டில் நெல் நிரப்பிய நிறைபறையில் குத்தி வைத்த தென்னம்பூக்குலையிலிருந்து உதிர்ந்தவையா? இரண்டு வருஷமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நான் தாவர சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியவள். வயிற்றில் பிள்ளை உண்டானதும் கல்லூரிக்குப் போவது நின்றது. எங்கள் பேராசிரியர் மட்டும் என்னை மறக்கவில்லை. யுத்தத்துக்கு முன்பு வெளிதேசத்து நண்பர் ஒருவர் வட துருவத்துத் தீவிலிருந்து அவருக்குப் பழுப்பு நிலக்கரித் துண்டுகள் அனுப்பியிருந்தார். அவற்றை அமிலத்தில் ஊறவைத்துக் கரைத்து, மிஞ்சிய வண்டலைச் சிறு குப்பிகளில் எனக்குக் கொடுத்தனுப்புவார். பழைய மைக்ராஸ்கோப் ஒன்றையும் தந்திருந்தார். கோட்டைக்குள் எங்கள் வீட்டு ஜன்னலோரம், மகள் பகலில் தூங்கும் நேரமெல்லாம், வண்டலில் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் வைத்து, அதிலுள்ள மகரந்தங்களையும் பாசிகளையும் இனம் பிரித்து எண்ணுவேன். மரம் மட்கினாலும் மகரந்தத்தின் ஓடு லேசில் மட்காது. இன்ன மரம் நின்றது என்று தெரிந்தால் அங்கே எவ்வளவு குளிர், எவ்வளவு வெயில் என்று ஊகிக்கலாம். நன்னீர்ப் பாசி கிடைத்தால் அங்கே ஒரு குளம் இருந்தது. இன்று பனி மட்டுமே கிடக்கிற இடம்! எட்டு மாதம் இப்படிப் போயிற்று.

மகளுக்கு முதல் சோறு கொடுக்கும் சோறூட்டு வீட்டிலேயே நடந்தது. கூடத்தில் பறை என்கிற மரப்படி நிறைய நெல் வைத்து, நடுவில் அன்று விரிந்த தென்னம்பூக்குலையைக் குத்தி வைத்தார்கள். முகூர்த்தத்துக்கு அரை மணி இருந்தது. அந்த அரை மணியை விட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சொட்டைச் சில்லில் வைத்தேன். அதை மூடும் மேல் கண்ணாடியை எடுப்பதற்குள் மாமியார் குரல் கொடுத்தார்.

"எட்டி, பிள்ளைக்கச் சோறூட்டுக்குப் பெத்த தள்ளை எங்க போனா?"

அப்படியே ஓடினேன். திரும்பி வந்து மூடியபோது நடுப்பகல் தாண்டிவிட்டது.

மறுநாள் அந்தச் சில்லில்தான் அவை தென்பட்டன. படகு போன்ற வடிவம், நீளவாக்கில் ஒரே பள்ளம். தென்னை, பனை இனத்தின் சாயல். பழையவை என்றால் துருவத்தில் ஒருகாலத்தில் அந்த இன மரங்கள் நின்றிருக்கின்றன. உடனே பூக்குலையின் ஞாபகமும் வந்தது.

சோதிக்க வழி இருந்தது. புதிய மகரந்தத்துக்குள் சதை இருக்கும், சிவப்புச் சாயம் ஆழமாகப் பிடிக்கும். பழையதில் வெறும் ஓடுதான். சாயம் கல்லூரியிலிருந்து வர வேண்டும், காரணம் சொல்லாமல் கேட்டு அனுப்பினேன். என் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

"ஒருவேளை பூக்குலைப் பொடி விழுந்திருக்குமோ? சாருட்ட இப்பம் சொல்லாண்டாம். ரெண்டு நாள்ல சாயம் போட்டுப் பாத்திருவேன்."

"நான் யாருட்டச் சொல்லப்போறேன்? நீ பைய பாரு" என்றார்.

மாமியார் உள்ளிருந்து சிரித்தார். "அங்க தெங்கு நின்னா ஏறித் தேங்கா வெட்ட யாரு போவா?" நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் கல்லூரிச் சிப்பந்தி வந்தார். கையில் சாயம் இல்லை, பேராசிரியரின் கடிதம் இருந்தது. வீட்டில் தூசி விழுந்து எண்ணிக்கை முழுவதும் கெட்டுவிட்டதாக என் கணவர் எழுதியிருந்தாராம். நான் வருந்த வேண்டாமாம், குழந்தையைக் கவனித்தால் போதுமாம். மைக்ராஸ்கோப்பும் சில்லுப் பெட்டியும் நோட்டுப் புத்தகமும் போயின. நானே துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

கணவர் கச்சேரி உத்தியோகம் முடிந்து வந்ததும் கேட்டேன். "ஒரு சில்லுன்னுதானே நான் சொன்னேன்? முழுசும்னு எதுக்கு எழுதினிய?"

"உனக்கு நாணக்கேடு வரண்டாம்னுதான்."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். குரலில் கோபமே இல்லை. இந்த வேலையை நிறுத்த, என் சந்தேகம் ஒன்றுக்காக அவர் எட்டு மாதமும் காத்திருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியவில்லை. மூடாமல் வைத்தது நான். சாரிடம் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான், அது ஒளித்ததாகாதா? ஆனால் அன்று முதல் அவரிடம் எந்தச் சந்தேகத்தையும் நான் சொல்வதில்லை. மகளுக்கு ஜுரம் வந்தால்கூட நெற்றியைத் தொட்டு நானே தீர்மானிக்கிறேன்.

போன வாரம் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் என்னுடன் படித்த தோழியைப் பார்த்தேன். இப்போது அந்தக் கல்லூரியிலேயே வேலை பார்க்கிறாள். பேராசிரியர் ஓய்வு பெறுகிறார், பழைய சில்லுகளையெல்லாம் கழுவி மாணவர்களுக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்றாள். என் பெட்டியும் அதில் இருக்கிறது.

அந்த ஒரு சில்லைக் கேட்டு, கணவருக்குத் தெரியாமல் பேராசிரியருக்கு எழுதலாமா? சாயம் பிடித்தால் கணவர் எழுதியதில் பாதியாவது உண்மையாகும். பிடிக்காவிட்டால், அவை பழையவைதான் என்று தெரிந்துகொண்டு இந்த வீட்டில் எப்படி இருப்பேன்? தெரியாமலே இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லதா? இதைப் படிக்கும் சகோதரிகள் யாராவது சொல்லுங்கள். சில்லுகளைக் கழுவுவதற்குள் சொல்லுங்கள்.